நிலைப்படி இல்லாத வேன்

கரிசல்புதூரில் யார் வீட்டு வாசலில் வண்டி நின்றாலும், வந்தது யார், கையில் என்ன பை, எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்பதெல்லாம் ஒரு வெற்றிலை மெல்லும் நேரத்தில் ஊருக்கே தெரிந்துவிடும். முத்துப்பேச்சிக்கு அது ஊருக்கு முன்னாலேயே தெரியும். இரண்டு மாதமாக அவளுக்கு அதுதான் வேலை. கதவை முக்கால்வாசி சாத்திவிட்டு, மிச்சமிருக்கும் இடுக்கு வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். நாற்பத்தாறு வயதுக்காரி. பதினோரு வருடம் பட்டாசு ஆலைக்குப் போய் வந்தவள். வேனில் முதலில் கேட்பது அவள் குரல்தான் என்று பேர் வாங்கியவள். இப்போது பால்காரன் மணி அடித்தால்கூடக் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்கிறாள்.

அவளை அதிகம் உறுத்தியது ஞாயிற்றுக்கிழமை வேன். சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு வெள்ளை வேன் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் வந்து நிற்கும். ஒரே ஒரு ஹாரன் அடிக்கும். பத்து நிமிடம் காத்திருந்துவிட்டுக் கண்மாய்க் கரைப் பக்கம் போய்விடும். ஓட்டுவது சங்கிலிமுத்து. எம். புதுப்பட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆலைக்குத் தினமும் ஊர்ச் சனத்தை ஏற்றிப்போய் இறக்குகிறவன். ஞாயிற்றுக்கிழமை ஆலைக்கு லீவு. லீவு நாளில் ஆலை வேனுக்கு இந்தத் தெருவில் என்ன சோலி? ஜன்னல்களில் பச்சைத் திரை தொங்குவதால் உள்ளே ஆள் இருப்பது தெரிகிறதே ஒழிய, யார் என்று தெரியவில்லை. திரை போட்டுக்கொண்டு வருகிறவன் நல்லதுக்கா வருவான் என்று அவள் நினைத்தாள். வெயிலுக்காக அந்தத் திரைத்துணியை வாங்கித் தைத்து மாட்டியதே அவளும் அவளோடு ஆலைக்குப் போன கருப்பம்மாளும்தான் என்பது அப்போது அவள் நினைப்பில் இல்லை.

“இன்னைக்கும் வந்துட்டான் பாத்தீகளா? இது மூணாவது ஞாயிறு” என்றாள் கணவனிடம்.

கண்ணுச்சாமி இரண்டு ஏக்கர் கரிசலில் மக்காச்சோளம் போட்டுவிட்டு மழைக்கு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர். அதிகம் பேச மாட்டார். “என்னன்னு போய்க் கேட்டுட்டு வாரேன்” என்று துண்டை எடுத்தார்.

“நீங்க போகாதீக. போனா, நான் வீட்லதான் இருக்கேன்னு தெரிஞ்சிரும்.”

“நீ வீட்ல இருக்கது ஊருக்கே தெரியும்லா, பேச்சி.”

அவள் இடுக்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் துண்டைத் திரும்பவும் கொடியில் போட்டார். ஹாரன் அடித்த பத்தாவது நிமிடம் வேன் போய்விட்டது.

ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதேகால். அதுதான் அவள் கதவைச் சாத்த வைத்த நேரம். தீபாவளி ஆர்டர் நெருக்கிக்கொண்டிருந்தது. பட்டாசுக்குள் வெடிமருந்து செலுத்தும் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று சுவரிலேயே பெயிண்டில் எழுதியிருப்பார்கள். அன்றைக்கு அந்த எழுத்துக்குக் கீழே அஞ்சு பேர் உட்கார்ந்திருந்தார்கள். வயதில் மூத்த வெள்ளைத்துரை, கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத சிவபாண்டி, கருப்பம்மாள், செல்லத்தாயின் மகள் இசைவாணி, அஞ்சாவதாக முத்துப்பேச்சி.

முதல் நாள் மழையில் கொடியில் கிடந்த பருத்திச் சேலைகள் நனைந்துபோய்விட்டதால், அவள் ஒரு பாலியெஸ்டர் சேலையைக் கட்டிக்கொண்டு போயிருந்தாள். பொறி கிளப்பிவிடும் என்று பாலியெஸ்டர், நைலான், கொலுசு, செல்போன், எதுவும் மருந்து அறைக்குள் வரக் கூடாது என்பது அந்தத் தொழிலில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். மேலே ஆம்பளைச் சட்டையை மாட்டிக்கொண்டால் யார் பார்க்கப் போகிறார்கள் என்று இருந்துவிட்டாள். கால் மணி நேரம் அதோடு உட்கார்ந்து, எழுந்து, நகர்ந்து வேலையும் பார்த்தாள். அப்புறம்தான் கருப்பம்மாள் பார்த்தாள்.

“ஏத்தா, இதென்ன வழவழன்னு கட்டிட்டு வந்திருக்க? ஒம் பையில பழைய சேலை கெடக்கும்லா. போய் மாத்திட்டு வா, போ.”

பை சாப்பாட்டுக் கொட்டகையில் இருந்தது. பையில் கை வைத்த நேரத்தில் பூமி ஒரு தூக்குத் தூக்கிக் கீழே போட்டது. அறை இருந்த இடத்தில் அறை இல்லை. பறந்து வந்த செங்கல் அவள் முழங்காலுக்குக் கீழே சதையைப் பெயர்த்தது. இடது காது அன்றோடு அடைத்துவிட்டது. உள்ளே இருந்த நாலு பேரும் போய்விட்டார்கள்.

மறுநாள் பேப்பரில் ‘உராய்வு காரணமாக வெடிவிபத்து’ என்று போட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தில் எந்த ஆலை வெடித்தாலும் பேப்பரில் இந்த ஒரு சொல்தான் வரும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி யாரோ வாசிக்கக் கேட்ட முத்துப்பேச்சிக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. உராய்ந்தது எது என்று அவளுக்குத் தெரியும். அது அப்போது ஆஸ்பத்திரி அலமாரியில் ஒரு பாலித்தீன் பைக்குள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

ஒன்பது நாள் கழித்து வீட்டுக்கு வந்தபோது ஊரில் நாலு சாவும் எடுத்து முடிந்திருந்தது. துக்கம் கேட்பது என்று ஒன்று உண்டு அந்தப் பக்கத்தில். சாவு வீட்டுக்குப் போனால் ‘வாங்க’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். போனவர் சாவு வீட்டுக்காரர் தோளைக் கட்டிக்கொண்டு ஒருபாடு அழுதுவிட்டு உட்கார வேண்டும். எழுந்து வரும்போது ‘போயிட்டு வாரேன்’ என்று சொல்லக் கூடாது. சொன்னால் துக்கம் திரும்பி வந்துவிடும் என்று பயம். பேசாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடக்க வேண்டியதுதான். கல்யாணத்துக்கு வராதவனைக்கூட மன்னித்துவிடுவார்கள். துக்கம் கேட்காதவனோடு மூன்று தலைமுறைக்குப் பேச்சு இருக்காது.

முத்துப்பேச்சி நாலு வீட்டில் ஒரு வீட்டுக்கும் போகவில்லை. முதலில் கால் ஆறவில்லை என்று சொல்லிக்கொண்டாள். ஆறிய பிறகு, பதினாறு முடியட்டும் என்றாள். பதினாறும் முடிந்தது. எப்படிப் போவாள்? செல்லத்தாய் தோளைக் கட்டிக்கொண்டு அழும்போது, ஒம் பிள்ளையைக் கொன்றது என் சேலைதான் என்று வாய் உளறிவிட்டால்? போகாத ஒவ்வொரு நாளும் அடுத்த நாள் போவதை இன்னும் கஷ்டமாக்கியது.

அவர்களும் வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து பிழைத்து வந்தவளைப் பார்க்க ஊரே பழமும் ரொட்டியுமாக வந்தது. அந்த நாலு வீட்டில் ஒரு குஞ்சு குளுவான்கூட வாசலை மிதிக்கவில்லை. கதவிடுக்கு வழியாகக் குழாயடியில் செல்லத்தாயைத் தூரத்தில் பார்த்தாள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். சிவபாண்டியின் பெண்டாட்டி அழகுமீனா, ஏழு மாதக் கர்ப்பம், தெருவோடு வந்தவள் இந்த வாசலைக் கண்டதும் சந்துக்குள் திரும்பிவிட்டாள். தெரிந்துபோயிற்று, எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று என்று முத்துப்பேச்சி நினைத்துக்கொண்டாள். தெருவில் இரண்டு பேர் நின்று பேசினால், அடைத்துப்போன காதுக்கு அது கேட்காது. கேட்காத பேச்செல்லாம் தன்னைப் பற்றியதுதான் என்று வைத்துக்கொண்டாள். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். இவளுக்கு வீட்டுக்குள்ளேயே பயம்.

வந்தவர்களிலும் யாரை நம்புவது? போர்மேன் மணிகண்டராஜ் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தான். கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “அன்னைக்கு நீ லீவுன்னு ரிஜிஸ்டர்ல இருக்குத்தா. யாரு கேட்டாலும் அப்படியே சொல்லிரு. ஒனக்கும் அதான் நல்லது.” அறையில் அஞ்சு பேர் இருந்ததை மறைக்கப் பார்க்கிறார்கள் என்பது அவளுக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அந்த ‘ஒனக்கும்’ அவளைக் குடைந்தது. ஒனக்கும் என்றால்? இவன் சேலையைப் பார்த்திருப்பானோ? அந்த ஹார்லிக்ஸை அவள் திறக்கவேயில்லை.

விருதுநகரிலிருந்து கழுத்தில் அட்டை மாட்டிய இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்தி கேட்டாள், இன்னொருத்தி எழுதினாள்.

“ராத்திரி தூக்கம் வருதாம்மா?”

“நல்லா வருது.”

“கெட்ட கனவு ஏதாவது?”

“எனக்குக் கனவே வராது. பிறந்ததுலருந்து வந்ததில்ல.”

“உங்கள மாதிரியே கஷ்டத்துல இருக்கவங்களோட உக்காந்து பேசினா மனசு லேசாகும். வெள்ளிக்கிழமை பஞ்சாயத்து ஆபீஸ்ல அந்த நாலு வீட்டாரையும் வரச் சொல்லியிருக்கோம். நீங்களும் வாங்க.”

அந்த நாலு வீட்டாரோடா? ஒரே இடத்தில் உட்காரவைத்து வாயைக் கிளறப் பார்க்கிறார்கள் என்று முத்துப்பேச்சி முடிவுகட்டினாள். “ஒங்கள யாரு அனுப்புனா?” என்று மூன்று தடவை கேட்டாள். பாவம், அந்தப் பெண்கள் சர்க்கார் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தார்கள், அட்டையிலும் அதுதான் எழுதியிருந்தது. அந்த வெள்ளிக்கிழமை அவளும் போகவில்லை, வேறு யாரும் போகவில்லை. விசிறிக்குக் கீழே போட்ட இருபது நாற்காலியும் காலியாகக் கிடந்தன என்று தலையாரி சொல்லிக்கொண்டு திரிந்தான்.

சேலை விஷயம் தனி. அதை எரித்துவிடலாம் என்று நினைத்தாள். தீப்பெட்டியை எடுத்துக் குச்சியை உரசப் போனவளுக்குக் கை நின்றுவிட்டது. அன்றிலிருந்து அடுப்புப் பற்றவைப்பதுகூடக் கண்ணுச்சாமிதான். தீப்பெட்டி செய்தே வயிறு வளர்த்த சீமையில் ஒரு பெண் குச்சி உரசப் பயந்தால் யாரிடம் சொல்லி அழுவது? புதைக்கலாம் என்றால் காட்டில் நாய் கிளறிவிடும். கடைசியில் மிஞ்சிய மக்காச்சோள விதை வைத்திருந்த உரச்சாக்கின் அடியில் செருகி வைத்தாள். தினமும் இரண்டு தடவை கையை விட்டு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வாள். கண்ணுச்சாமி இதையெல்லாம் பார்த்தாரோ என்னவோ, அந்தச் சாக்குப் பக்கம் அவர் போவதில்லை. அதுவும் அவளுக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

நாலாவது ஞாயிறு நாலு மணி ஆயிற்று. வேன் வரவில்லை. நாலேகால் ஆயிற்று. ஹாரன் இல்லை.

வந்தபோது வந்த சந்தேகத்தைவிட வராதபோது வந்த சந்தேகம் பெரிதாக இருந்தது. ஏன் வரவில்லை? என்ன முடிவு செய்துவிட்டார்கள்? போலீசுக்குப் போயிருப்பார்களோ? தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நிற்காமல் பின்பக்கமாக வருகிறானோ? கொல்லையில் போய்ப் பார்த்தாள். அங்கே கோழிதான் நின்றது. நாலரைக்கு அவளால் தாங்க முடியவில்லை. இரண்டு மாதத்தில் முதல் தடவையாகக் கதவை முழுசாகத் திறந்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தெருவில் இறங்கினாள். திண்டாட்டம் பிடித்த மனசு, ஒளிந்திருக்கச் சொன்னதும் அதுதான், வெளியே இழுத்து வந்ததும் அதுதான்.

தண்ணீர்த் தொட்டி தாண்டிக் கண்மாய்க் கரை வளைவில் வேன் நின்றது. பின்சக்கரம் பஞ்சர். சங்கிலிமுத்து ஜாக்கியை வைத்துக்கொண்டு குத்தவைத்திருந்தான். சுமை குறையட்டும் என்று உள்ளே இருந்தவர்கள் இறங்கி ரோட்டோரம் நின்றார்கள். செல்லத்தாய். வயிற்றைத் தாங்கிக்கொண்டு அழகுமீனா. கருப்பம்மாளின் புருஷன் மாரிக்கண்ணன். பூமியில் யார் கண்ணில் படக் கூடாது என்று இரண்டு மாதம் ஒளிந்தாளோ அத்தனை பேரும் வரிசையாக நின்றார்கள். இந்த ஆட்களா அந்தத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து வாராவாரம் தன் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்?

அவள் முன்னால் ஓரடி எடுத்து வைத்தாள். அவர்கள் மூன்று பேரும் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள். அவள் கண்ணால் பார்த்தாள். ஒதுங்குகிறார்கள். தீண்டக் கூடாத எதையோ பார்த்ததுபோல் ஒதுங்குகிறார்கள். அந்த ஓரடி அவளை வெட்டிப்போட்டது.

“அங்கனயே நில்லுத்தா, கிட்ட வராதே” என்றாள் செல்லத்தாய். “சங்கிலிமுத்து, சக்கரம் மாட்டிட்டியா?”

“நட்டு ஒண்ணு பாக்கி சித்தி.”

“முடிச்சுட்டுக் கதவத் திற. முத்துப்பேச்சி, நீ மொதல்ல உள்ள ஏறு. ரோட்டுல வச்சுப் பேச வேண்டாம்.”

உள்ளே ஏற்றித் திரையை இழுத்துவிட்டு என்ன செய்யப் போகிறார்களோ? அடித்தால் அடிக்கட்டும் என்று தோன்றியது அவளுக்கு. பயந்து பயந்து பயமே சலித்துப்போயிருந்தது. ஏறினாள். பதினோரு வருடப் பழக்கத்தில் கால் தானாகவே மூன்றாவது வரிசை ஜன்னல் சீட்டுக்குப் போனது. அது அவள் சீட்டு. பக்கத்துச் சீட்டு கருப்பம்மாளுடையது. அவளைத் தாண்டிப் போகும்போது எப்போதும் முழங்காலில் இடித்துத் திட்டு வாங்குவாள். இன்று இடிக்க முழங்கால் இல்லை.

செல்லத்தாய் ஏறினாள். அவளும் அதே ஆலையில் வேறு அறைக்காரி, அவளுக்கும் சீட்டு உண்டு. அங்கே போய் உட்காராமல் நேரே வந்து கருப்பம்மாளின் சீட்டில் உட்கார்ந்தாள். அழகுமீனா தன் புருஷன் உட்காரும் கடைசி வரிசைக்குப் போனாள். மாரிக்கண்ணன் முன்னால், டிரைவருக்குப் பக்கத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கண்மாய் ஓரமாக வேன் மெதுவாக நகர்ந்தது.

செல்லத்தாய் இரண்டு கையாலும் முத்துப்பேச்சியின் தோளைக் கட்டினாள். கட்டிக்கொண்டு அழத் தொடங்கினாள்.

முத்துப்பேச்சிக்கு ஒன்றும் புரியவில்லை. துக்கம் கேட்கும் கட்டு அது. சாவு வீட்டுக்கு வந்தவர்கள் சாவு வீட்டுக்காரியைக் கட்டும் கட்டு. “யக்கா, நாந்தான் ஒங்ககிட்டக் கேக்கணும். எங்கிட்ட எதுக்குக் கேக்குறீக?”

“ஒனக்கு யாரு கேட்டா?” என்றாள் செல்லத்தாய் மூக்கைத் துடைத்துக்கொண்டு. “நாங்க நாலு வீடு. எங்களுக்கு ஊரே கேட்டுச்சு. நீ பதினோரு வருசம் இந்தச் சீட்டுல கருப்பம்மா தோள்ல சாஞ்சு தூங்கிட்டு வந்தவ. எம் மகளுக்கு மருந்து அளக்கச் சொல்லிக் குடுத்தவ. ஒரே நாள்ல நாலு பேரையும் குடுத்துட்டு நிக்க. ஒம் வீட்டுல சாவு விழலன்னு ஒருத்தரும் ஒனக்குத் துக்கம் கேக்கல. பிழைச்சு வந்தன்னு பழம் குடுத்துட்டுப் போய்ட்டாக.”

“பெறகு ஏன் வீட்டுக்கு வரல? குழாயடியில மொகத்தத் திருப்பிட்டுப் போனீகளே.”

செல்லத்தாய் அவளை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். “சாவு விழுந்த வீட்டுக்காரி, சாவுல தப்பி வந்தவ வாசல மிதிக்கலாமா? மொகத்துல முழிக்கலாமா? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா? நாலு போனது போதாதா, ஒன்னையும் தூக்கிக் குடுக்கணுமா? அதான் ஒதுங்கி ஒதுங்கிப் போனேன்.”

“ரோட்டுல இப்பவும் பின்னால போனீக.”

“பின்ன? ஒனக்கு ஆகாதுன்னு ஏழு மாசக்காரி அவளும்தான் ஒதுங்குனா.”

ஊர் உலகத்தில் இப்படியும் ஒரு தப்பு நடக்குமா என்று கேட்கலாம். கரிசல்புதூரில் நடந்தது. அவள் சாகக் கூடாது என்று அவர்கள் விலகிப் போனார்கள். தன்னைக் குற்றவாளி என்று நினைத்துத்தான் விலகுகிறார்கள் என்று இவள் கதவைச் சாத்தினாள். இரண்டு தரப்பாரும் ஆளுக்கொரு பக்கம் நின்று அழுதுகொண்டிருந்தார்கள்.

வேன் கதையைச் சங்கிலிமுத்து சொன்னான். சாவு வீட்டுக்காரர் இன்னொரு சாவு வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போவதும் அங்கே வழக்கம் இல்லை. அதனால் நாலு வீடும் ஒன்றை ஒன்று துக்கம் கேட்காமலே கிடந்தன. ஒரு நாள் ஆஸ்பத்திரியில் சாவு சர்டிபிகேட் வாங்க நாலு வீட்டாரும் போக வேண்டியிருந்தது. அவன்தான் ஏற்றிக்கொண்டு போனான். ஊர் எல்லை தாண்டினதும் உள்ளே யாரோ விசும்பினார்கள். அவ்வளவுதான், விருதுநகர் போய்ச் சேரும்வரை ஒருத்தரை ஒருத்தர் கட்டிக்கொண்டு அழுது தீர்த்தார்கள். இறங்கும்போது செல்லத்தாய்தான் சொன்னாள், வீட்டுக்குத்தான் நிலைப்படி, வேனுக்கு ஏது நிலைப்படி, வேனுக்கு ஏது தீட்டு என்று. ஆஸ்பத்திரிப் பெண்கள் விசிறி போட்டுக் கூப்பிட்டும் நடக்காதது, திரை போட்ட வேனுக்குள் நடந்தது. அதிலிருந்து ஞாயிறுதோறும் ஓடுகிறது. வெள்ளைத்துரையின் பெண்டாட்டி ஞானசுந்தரி மட்டும் ஆலங்குளத்தில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள், அவள் இடம் காலியாகவே வருகிறது.

“இவுக ஒன் வீட்டுக்கு வர முடியாதுன்னுதான் தொட்டிகிட்ட நின்னு ஹாரன் அடிச்சேன் மதினி. நான் கம்பெனி ஆளுன்னு நீ ஒளிஞ்சுகிட்ட” என்றான் சங்கிலிமுத்து.

முத்துப்பேச்சிக்கு அழுகை வந்தது. ஆனால் அந்த அழுகையில் ஆறுதல் இல்லை, உடம்பெல்லாம் எரிந்தது. இவ்வளவு நல்லவர்களா? அப்படியானால் இவர்களுக்குத் தெரியவில்லை. தெரிந்தால் இந்தக் கை தோளில் இருக்காது. தெரியாமல் கிடைக்கும் இந்த அணைப்பு திருடிய சாமான் மாதிரி அவளுக்குச் சுட்டது.

“கைய எடுங்கக்கா” என்றாள். “எல்லாரையும் கொன்னது நாந்தான்.”

சங்கிலிமுத்து வேனை நிறுத்திவிட்டான். அவள் சொன்னாள். மழையைச் சொன்னாள், நனைந்த சேலையைச் சொன்னாள், கால் மணி நேரத்தைச் சொன்னாள், கருப்பம்மாள் கடைசியாகச் சொன்னதைச் சொன்னாள், உரச்சாக்கைச் சொன்னாள். “பேப்பர்ல போட்டிருந்துச்சு, உராய்வுன்னு. அது என் சேலைதான். அவ என்னைய வெளிய அனுப்பிட்டா. உராஞ்சுட்டு நான் வெளிய வந்துட்டேன்.”

செல்லத்தாயின் கை தோளிலிருந்து இறங்கிவிட்டது. முத்துப்பேச்சி அதைத்தான் எதிர்பார்த்தாள்.

பிறகு செல்லத்தாய் வேறு யாருடைய குரலிலோ பேசினாள். “புதுக் கொலுசு வாங்கியிருந்தா எம் மக. கழட்டி வச்சுட்டுப் போன்னு சொன்னேன். ஆலை கேட்டுல கழட்டிருவேன்னு சொல்லிட்டு ஓடிட்டா. வீட்டுல டப்பாவத் தெறந்து பாத்தேன், அது காலி. ரெண்டு மாசமா அந்த டப்பாவ யாருக்கும் காட்டல. நாலு குடும்பத்த அழிச்சது எம் மக கொலுசுன்னு எப்பிடிச் சொல்ல? அவ இல்லாதப்ப அவளுக்கு அந்தப் பேரும் வரணுமா?”

கடைசி வரிசையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழகுமீனா சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. “செல்போன சட்டப் பையிலயே வச்சுக்கிடுங்கன்னு நாந்தான் அவுகள்ட்ட சொன்னேன். எனக்கு அன்னைக்குத் தல சுத்தல். ஒம்பதேகாலுக்குக் கூப்பிட்டேன், சித்தி. ரிங்கு போச்சு. ஒரு ரிங்குதான் போச்சு.”

மாரிக்கண்ணன் திரும்பவே இல்லை. முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “காலைல எனக்கும் அவளுக்கும் சண்ட. சாப்பிடாமப் போனா. கோவத்துல இருந்தா கருப்பம்மா எதையும் தூக்க மாட்டா, தரையோட இழுப்பா. வீட்டுல அண்டாவும் அப்பிடித்தான், பெட்டியும் அப்பிடித்தான். மருந்துத் தட்ட இழுத்திருப்பா. நான் கோவப்படுத்தாம இருந்திருந்தா தூக்கியிருப்பா.”

ஆக ஒரே வெடிக்கு நாலு உராய்வு. பேப்பரில் ஒரு சொல்லைப் போட்டுவிட்டுப் போனார்கள். அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வீடும் கதவைச் சாத்தி, தன் வீட்டுக்குள்ளேயே குற்றவாளியைத் தேடிப் பிடித்து, யாருக்கும் தெரியாமல் ஒளித்து வைத்திருந்தது. ஒருத்திக்கு டப்பா, ஒருத்திக்குப் போன், ஒருத்திக்குச் சாக்கு, மாரிக்கண்ணனுக்குக் காலைச் சண்டை. சுவரில் நாலு பேர் என்று எழுதியிருந்த அறையில் அஞ்சாவது ஆளை உட்காரவைத்தவனைத் தேடி யாரும் போகவில்லை. தன்னைச் சந்தேகப்படுவது அவ்வளவு சுலபமாக இருந்தது.

முதலில் அதைச் சொன்னவள் முத்துப்பேச்சிதான். “அஞ்சு பேரு இருந்தோம். காலோட கால் இடிக்க உக்காந்திருந்தோம். அன்னைக்கு நான் லீவுன்னு சொல்லச் சொல்லிட்டுப் போயிருக்கான் போர்மேன்.”

மாரிக்கண்ணன் அப்போதுதான் திரும்பினார். அவள் முகத்தை நேராகப் பார்த்தார். “நீ லீவுன்னா, சேலைய மாத்திட்டு வான்னு எம் பொண்டாட்டி யாருகிட்டச் சொன்னாளாம்?”

அவர் கேட்ட விதத்தில் கோபம் இருந்தது. ஆனால் கருப்பம்மாள் கடைசியாகப் பேசிய பேச்சு ஒன்று தனக்குக் கிடைத்த நிம்மதியும் அதில் இருந்தது. “அவ வேற என்ன சொன்னா? சண்டையச் சொன்னாளா?”

“சண்டையப் பத்தி ஒண்ணும் சொல்லலண்ணே. வேன்ல வரும்போது எம் பையிலருந்து ரெண்டு இட்லிய எடுத்துத் தின்னா. பசியோட போகல.”

மாரிக்கண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். இரண்டு மாதமாக அந்த மனிதர் தின்ற ஒவ்வொரு கவளமும் அவருக்குத் தொண்டையில் நின்றிருக்க வேண்டும். அவர் அழுது முடிக்கும்வரை யாரும் அவசரப்படவில்லை.

“விசாரணைக்கு வாரவுககிட்ட அஞ்சு பேருன்னு சொல்லணும்” என்றாள் முத்துப்பேச்சி. “தனியாப் போய்ச் சொல்ல எனக்குப் பயமா இருக்கு.”

“தனியா யாரு போகச் சொன்னா?” என்றாள் செல்லத்தாய். அவள் கை மறுபடி தோளுக்கு வந்திருந்தது. “வேன் இருக்குல்லா. எல்லாரும் ஏறிப் போவோம். போற வழியில ஆலங்குளம் சுத்திப் போய் ஞானசுந்தரியையும் ஏத்திக்கிடுவோம். அவ எதத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்காளோ, பாவி.”

இருட்டுவதற்கு முன்னால் வேன் தண்ணீர்த் தொட்டிக்கு வந்துவிட்டது. சேலைதானா, கொலுசுதானா, போன்தானா, இழுத்த தட்டுதானா என்பது யாருக்கும் தெரியவில்லை, இனியும் தெரியப்போவதில்லை. முத்துப்பேச்சிக்கு நெஞ்சில் பாரம் இருந்தது. ஆனால் அதை இனி அவள் ஒருத்தியே சுமக்க வேண்டியதில்லை என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தது. தெருமுனையில் கண்ணுச்சாமி நின்றுகொண்டிருந்தார், எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

அவள் கம்பியைப் பிடித்து இறங்கினாள். கால் தரையில் பட்டதும் பதினோரு வருடப் பழக்கத்தில் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

“போயிட்டு வாரேன்.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தாள். துக்கம் கேட்ட இடத்தில் சொல்லக் கூடாத வார்த்தை. உள்ளே எல்லாரும் அசையாமல் இருந்தார்கள். சங்கிலிமுத்து கியரில் வைத்த கையை எடுத்துவிட்டான். சொன்னதைத் திருப்பி எடுக்க வழியில்லாமல் அவள் ரோட்டில் நின்றாள்.

செல்லத்தாய் பச்சைத் திரையை ஒதுக்கித் தலையை வெளியே நீட்டினாள்.

“போயிட்டு வாத்தா” என்றாள். “அடுத்த ஞாயித்துக்கெழம ஹாரன் அடிக்க வைக்காதே.”